தோணிக்குள் ஊற்றிய தண்ணீர்

வெயிலில் கிடந்த அந்தத் தண்ணீர் மேலே கையைச் சுடும், முழங்கைவரை விட்டால் அடியில் குளிரும். சுறா எண்ணெயும் குங்கிலியமும் ஊறிய மரத்தின் மணம் விரலில் ஒட்டிக்கொண்டால் சோறு தின்னும்போதும் போகாது. எங்கள் வளவுத் தென்னைகளுக்கு நடுவே, மணலில் பாதி புதைந்து நின்ற மாமாவின் தோணிக்குள் நிறைத்து வைத்திருந்த தண்ணீர் அது. ஒன்பது வயதில் ஒருநாள் அதன் விளிம்பில் குந்தியிருந்து என் துணிப் பொம்மையை முக்கி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: பொம்மை முழுகுமென்றால் அம்மா முழுகமாட்டாவா? "அம்மா, உங்கட ஞானஸ்நானத்தை இதுக்குள்ள வைப்பமே!" என்று நான் போட்ட சத்தத்தில், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், பாண்டிருப்புக்காரருக்குக் கடலை ஆமி மூடி வைத்திருந்தது. தென்னை முடியும் இடத்தில் முட்கம்பி. அதற்கப்பால் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பது எங்களைப் போன்ற வாண்டுகளுக்கும் தெரியும். ஓடாத தோணி வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும், பிறகு கடலில் இறக்கினால் ஒழுகும். அதனால் கரையில் நிற்கும் தோணியைத் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். "கரையில தாகத்தோட விட்டா, கடலில வச்சுக் குடிச்சுப்போடும்" என்பது மாமாவின் சொல். தோணி அம்மாவின் அண்ணனான அவருடையது. வீடும் வளவும், எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தவை, அம்மாவுடையவை. தோணி தன் வளவில் நிற்பதால் அதற்குத் தண்ணீர் காட்டும் வேலையும் அம்மாவின் தலையில் விழுந்தது. மணலில் தோண்டிய "துரவில்" இருந்து காலையும் மாலையும் அள்ளிக்கொண்டே இருப்பார். கல்முனைக்குடியிலிருந்து சைக்கிளில் மீன் எடுக்க வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், மீனே இல்லாத அந்த நாட்களிலும் பழக்கத்தில் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, கடலுக்குப் போக ஏலாதெண்டு கடலையே வளவுக்குள்ள கொண்டாந்திட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அதற்கு முந்திய வருடம் ஒரு காலையில் கல்முனைச் சந்தைக்கென்று போன அப்பா திரும்பி வரவில்லை. அவரைத் தேடி ஆமி முகாம் முகாமாக அலைந்த நாட்களில் அம்மாவுடன் கூட வந்தவர் தையல்காரி றூத் அக்கா ஒருவர்தான். வெயிலில் வாசல்களில் காத்திருக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மெதுவாகச் செபிப்பார். அம்மா வேதத்துக்கு வந்தது அப்படித்தான், எந்தப் பிரசங்கத்தையும் கேட்டு அல்ல. தொடக்கத்தில் றூத் அக்காவின் ஓலைக்கொட்டில் ஞாயிற்றுக்கிழமைச் செபத்துக்கு நிரம்பி வழிந்தது. பிறகு சிலர் ஊரை விட்டுப் போனார்கள், சிலர் பயந்தார்கள், சிலரைச் சொந்தக்காரர் மறித்தார்கள், கடைசியில் பாயில் இருந்தவர்கள் அம்மா, றூத் அக்கா, நான். மட்டக்களப்பிலிருந்து பாஸ்டர் வருவதும் பாதை திறந்தால்தான்.

ஒழுங்கையில் நடந்துபோகும்போது ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: "என்னடி வேதக்காரி, உன்ட யேசு உன்ட புருசனைக் கொண்டுவந்து தந்தவரா?" அம்மா நின்று, திரும்பிச் சொன்னார்: "தந்தாத்தான் கும்பிடுவன் எண்டு நான் அவரோட பேரம் பேசல்ல." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து அடுப்படியில் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அவர் அழுததையும் கண்டேன். கடலில் முழுகி எடுக்கவிருந்த ஞானஸ்நானத்துக்கு இரண்டு தரம் நாள் வைத்தாயிற்று. முதல் தரம் பாதை மூடியது, அடுத்த தரம் கடல் மூடியது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, றூத் அக்கா வேலிப் படலையில் நின்று கூப்பிட்டும் அம்மா பாயை விட்டு எழும்பவில்லை. "போதும் புள்ள, அவருக்கே என்னை வேணாம் போல" என்றார், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு. என் பயமெல்லாம் அதுதான். மூன்றாந்தரமும் தவறினால் அம்மா எழும்பவே மாட்டார்.

இப்போது வழி கிடைத்தது, மாமாவின் சம்மதந்தான் இல்லை. பின்னேரம் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குந்தியவரிடம் அம்மா கேட்டார். பிசைந்த கை நின்றது. "வெள்ளைச் சீலை உடுத்துத்தானே முழுகிறது? அப்ப மச்சான் செத்திட்டானெண்டு நீயே முடிவெடுத்திட்டாய். எனக்கு அவன் மச்சான் மட்டுமில்ல, ஒரே வலை இழுத்தவன். முழுகிப் பார். கடல் திறந்தாலும் உனக்கு மீன்பங்கும் இல்ல, அண்ணனும் இல்ல."

அப்பா போனபின் எங்களுக்கு அரிசி வந்தது அவர் கையால்தான். அது தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தோணி உங்கட, மாமா. வளவு அம்மாட. தண்ணி ஆர்ட? அம்மாதானே அள்ளி ஊத்தினவ?"

"இவளைப் பள்ளிக்கு அனுப்பினதுதான் பிழை" என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனவர், பிறகு படலைக்குள் வரவேயில்லை.

பாதை திறந்த கிழமை பாஸ்டர் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், தடைமுகாம்களில் இறங்கி ஏறி நடந்ததில் சப்பாத்தெல்லாம் மணல். பின்னேரம் பாதை மூடுமுன் திரும்பிவிட வேண்டும். றூத் அக்கா தைத்து வைத்திருந்த வெள்ளைச் சீலையை அம்மா தொடவில்லை. உள்ளே போனவர் பெட்டிக்குள் கிடந்த தன் கலியாணக் கூறைச்சேலையைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு வெளியே வந்தார். பாஸ்டர் இருமினார். "அவர் செத்திட்டாரெண்டு நான் ஆருக்கும் சொல்லல்ல, பாஸ்டர். கடவுளுக்கும் சொல்லல்ல" என்றார் அம்மா. பாஸ்டர் சரியென்று தலையை ஆட்டிச் சப்பாத்தைக் கழற்றினார்.

அம்மா தோணி விளிம்பில் கால் வைத்த நேரம் நாய்கள் குரைத்தன. முட்கம்பிப் பக்கமிருந்து ஆமி ரோந்து வந்தது. தென்னைக்குள் ஆட்கள் கூடி நிற்கிறார்கள், நடுவே ஒரு தோணி, அதற்குள் நிறையத் தண்ணீர். "மொகத? தண்ணி ஏன்? கீழே என்ன?" என்று சிங்களத்தில் தொடங்கித் தமிழில் கேட்டான் முன்னால் வந்தவன். பாஸ்டர் பைபிளைக் காட்டினார், அடையாள அட்டையைக் காட்டினார்; அவன் துவக்கு முனையால் தண்ணீரைக் கிண்டினான். எண்ணெய்க் கறுப்பில் அடி தெரியவில்லை. றூத் அக்கா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இன்னொருவன் பக்கத்து மணலைச் சப்பாத்தால் விலக்கி, அடிப்பலகை ஓட்டையை அடைத்திருந்த தக்கையை உதைத்துப் பிடுங்கி வேலிக்கப்பால் எறிந்தான். மாதக்கணக்காய் அம்மா சுமந்த தண்ணீர் சளசளவென்று மணலுக்குள் போனது. அடியில் ஒரு பாசிப் படலமும் என் பொம்மையின் ஒரு பொத்தானும் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் போனார்கள்.

"இன்னொரு நாளைக்குப் பார்ப்பம், அம்மா" என்றார் பாஸ்டர். அம்மாவின் முகத்தில் அந்தச் சுவர்ப்பக்கத்து முகம் வந்து போனதை நான் கண்டேன், வந்தது, போய்விட்டது. கூறைச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தார். தக்கையில்லாத ஓட்டையில் றூத் அக்கா வெள்ளைச் சீலையைச் சுருட்டித் திணித்தார்; ஊற்ற ஊற்ற அதன் வழியாகவே ஒழுகியது. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார். வெயில் தென்னைக்கு மேற்கே சரிந்துகொண்டிருந்தது.

படலையை உதைத்துக்கொண்டு மாமா வந்தார். ரோந்து வந்த கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டிருந்தது. "தோணியைக் காய விட்டிட்டு என்ன செய்யிறீங்க எல்லாரும்?" என்று கத்திக்கொண்டு வந்தவர், துரவடியில் நிமிர்ந்த தங்கச்சியைக் கண்டு நின்றுவிட்டார். நனைந்த சிவப்புக் கூறை, பொட்டு, கழுத்தில் தாலி. பிறகு குனிந்து வெள்ளைச் சீலையை இழுத்து எறிந்தார். தேங்காய் மட்டை ஒன்றை வெட்டிச் சீவித் தன் சால்வைத் துணியைச் சுற்றி ஓட்டையில் அறைந்தார். அம்மாவின் கையிலிருந்த வாளியைப் பறித்தார்.

"நான் உன்ட வேதத்துக்கு ஊத்தல்ல. தோணிக்கு ஊத்துறன். விளங்குதா?"

"ஓம் அண்ணன்" என்றார் அம்மா.

மூன்று ஆள் அள்ளும் வேகத்தில் மாமா அள்ளினார். பாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார், நான் குடத்தோடு ஓடினேன். வேலியடியில் சைக்கிளை நிறுத்திய காக்கா, "கெதியா ஊத்துங்க, பாஸ்டரை நான் றோட்டுக்குக் கொண்டு விடுறன். மீன் பெட்டி சும்மாதானே கிடக்கு!" என்றார். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மாமா வாளியைக் கவிழ்த்து வைத்து, துரவின் கரையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். அம்மா தோணிக்குள் இறங்கினார். பாஸ்டர் பிடறியைத் தாங்கிச் சாய்த்தபோது தண்ணீர் அவர் முகத்துக்கு மேல் மூடியது. சிவப்புச் சேலை ஒரு கணம் மேலே விரிந்து நின்றது. எழுந்தபோது அம்மா விட்ட மூச்சு, அப்பா போனதிலிருந்து உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு போலிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று திரும்பாமலே கேட்டார் மாமா. "தண்ணியை வெளியால தட்டிப் போடாதீங்க."

அப்பா வரவில்லை, இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பாயில் மூன்று பேர்தான். ஆனால் அம்மா எழும்பாத ஞாயிறு ஒன்றை நான் பிறகு காணவில்லை. காய்ச்சலிலும் போனார், செல் குண்டுச் சத்தத்திலும் போனார், அழுதுகொண்டும் போனார். கடல் திறந்த அன்று தோணி ஒரு சொட்டும் ஒழுகாமல் இறங்கியது. முதல் வலை மடியில் விழுந்த மீனின் பங்கு ஈர்க்கில் கோத்தபடி எங்கள் படலையில் தொங்கியது. தொங்கவிட்ட மாமா அதற்குள் ஒழுங்கை தாண்டிவிட்டிருந்தார்.

இன்று அந்தத் தோணி இல்லை, அதன் பலகைகள் மீன் வாடிக்குக் கதவாய்ப் போய்விட்டன. றூத் அக்காவின் கொட்டிலும் இல்லை. கரையெல்லாம் ஃபைபர் படகுகள். மாமாவுடையதும் அதுதான், எங்கள் வளவில்தான் நிற்கிறது. அம்மாவின் விசுவாசம் அம்மாவுடையது. எனக்கென்று ஒன்று வர, படித்தும் சண்டை பிடித்தும் கேள்வி கேட்டும் இவ்வளவு காலம் எடுத்தது. கடல் திறந்துதான் கிடக்கிறது, மட்டக்களப்புச் சபையில் சீமெந்துத் தொட்டியும் கட்டியிருக்கிறார்கள். என் ஞானஸ்நானத்துக்கு இரண்டும் வேண்டாம். நாளைக் காலை மாமா வலை தட்டும் நேரம் போய்க் கேட்கப்போகிறேன். படகு அவருடையது, வளவு அம்மாவுடையது, தண்ணீரை நான் அள்ளுவேன். ஃபைபருக்குத் தாகமில்லை, தோணிக்குத்தான் ஊத்துறன் என்று சொல்ல அவருக்கு இனி வழியில்லை. என்ன சொல்லிக்கொண்டு வாளியைத் தூக்குகிறார் என்று பார்ப்போம்.