ஊசி போகாத இடம்

என் அப்பா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக, இயந்திரம் திருத்துபவராக இருந்தவர். கொழுந்து உருட்டும் ரோலர் நின்றுபோனால் தோட்டத்தை நடத்தும் துரை முதலில் தேடுவது அவரைத்தான். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டு ரேடியோவைத் திருத்த முடியவில்லை. இந்த ஒன்றுக்காக நாற்பது வருடங்களுக்கு மேலாக அவர்மேல் எனக்குக் கோபம். அவர் இறந்து நான்கு வருடங்களாகின்றன. கோபம் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் நான் ரேடியோ திருத்தப் பழகினேன். பண்டாரவளையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே, பழைய வால்வு ரேடியோக்களை வாங்கிக் கழற்றிப் பூட்டினேன். பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களும் பிறகு தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களை நன்றாகக் காக்கவைத்துத்தான் திருத்திக் கொடுத்தேன். எனக்கும் கொஞ்சம் வஞ்சம் உண்டு.

எங்கள் ரேடியோ, துரை பங்களாவில் வேண்டாமென்று கழித்துவிட்ட ஐந்து வால்வுப் பெட்டி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிற்சாலையை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் இருந்ததால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கரண்ட் இருந்தது. அந்த ரேடியோ பாட்டுக் கேட்பதற்காக வந்ததல்ல. அம்மாவுக்காக வந்தது.

அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. அரசாங்க உத்தியோகத்துக்காக அப்புத்தளைக்கு வந்த ஒருவரின் மகள், நான்கு பிள்ளைகளில் கடைசி. தோட்டத்துப் பிட்டரைக் கட்டிக்கொண்டதும் பிறந்த வீடு அவரைக் கைகழுவிவிட்டது. போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அந்த வீட்டோடு அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே தொடர்பு, ரேடியோவில் வாசிக்கும் மரண அறிவித்தல்.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்குவார்கள். பிறகு, இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. அந்த நேரத்தில் எங்கள் காம்பராவில் யாரும் இருமக்கூடக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் தனக்கு யாரும் சொல்லியனுப்ப மாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் தன் பெயர் வரும் என்று நம்பினார். சாவிலாவது சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை.

எனக்கு ஒன்பது வயதில் அது நடந்தது. அன்று காலை அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, இரவு வேலை முடித்து வந்த அப்பா தூங்காமல் வாசலில் நின்றார்.

"ஒங்கப்பா தவறிட்டாரு. காலையில ரேடியோவுல சொன்னாங்க. புள்ளைங்க நாலு பேரையும் சொன்னாங்க. ஒம் பேரும் வந்துச்சு."

அம்மா அழவில்லை. தம்பியை என் கையில் தந்துவிட்டு ரேடியோவுக்கு ஓடினார். மதிய அறிவித்தலுக்கு இன்னும் நேரம் இருந்தது. குமிழைத் திருகி, நிலையம் காட்டும் ஊசியை நகர்த்தினார். முக்கால்வாசி தூரம் போய் ஊசி நின்றுவிட்டது. அறிவித்தல் வாசிக்கும் நிலையம் இருந்ததோ அதற்கும் அப்பால்.

"காலையில கேட்டதோட வால்வு வீக்காயிருச்சு. அதுக்கு மேல போகாது. பார்ட்ஸ் வரணும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வேறு ரேடியோவில் கேட்கலாமென்றால், அக்கம்பக்கத்துக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதிய அறிவித்தல் எங்கேயோ காற்றில் போய் முடிந்தது. அன்று பின்னேரமே தகனமும் முடிந்துவிட்டதால் மறுநாள் வாசிக்கவில்லை. பார்ட்ஸ் கடைசிவரை வரவே இல்லை. சமையலில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அம்மா அந்த ரேடியோவை இழுத்து அப்பாவை ஏசுவார். அப்பா வாயே திறக்கமாட்டார். எனக்கும் அம்மா பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது, என்னோடு இருக்கிறார். அப்பா இருந்தவரை யாரையும் தொடவிடாத அந்தப் பெட்டியைப் போன விடுமுறையில் தம்பி தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "ஒருக்கா அந்த ஊசி அந்தப் பக்கம் போறதைப் பாக்கவேணும்" என்றார் அம்மா. இப்போது அங்கே எந்த நிலையமும் இல்லை, வெறும் இரைச்சல்தான் வரும் என்றேன். "இரைஞ்சாலும் காணும், எனக்கு அது போதும்" என்றார்.

பின்பலகையின் திருகாணிகளில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. யாரும் திறக்கக்கூடாது என்பதற்குத் தொழிற்சாலையில் போடுகிற அடையாளம். திருத்தத் தெரியாதவருக்கு இந்தப் பெயிண்ட் ஒரு கேடா என்று முணுமுணுத்தபடி சுரண்டி எடுத்தேன். பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

வால்வு பலவீனமானால் ரேடியோ ஒரு பக்கத்து நிலையங்களில் ஊமையாகும், அது உண்மை. ஆனால் சத்தம்தான் நிற்குமே தவிர ஊசி நிற்காது. இவ்வளவு காலம் இந்தத் தொழிலைப் பார்த்த எனக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை. ஊசியை இழுக்கும் கயிறு வழுக்குகிறதா என்று பார்த்தேன். வழுக்கவில்லை. நிலையத்தைப் பிடிக்கிற கண்டென்சரின் தகடுகள் வளைந்து உரசுகின்றனவா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. கயிறு சுற்றும் சில்லுதான், அந்தச் சிறு சக்கரம்தான் எதிலோ முட்டி நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

சில்லுக்குக் குறுக்கே ஒரு பித்தளை ஆணி. ஆடிக் கழன்றுவிடாமல் செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. முறுக்கு இடப்பக்கமாக இருந்தது. அப்பா இடது கைக்காரர்.

பழுதல்ல, வேண்டுமென்றே செய்தது. தகப்பனின் சாவுச் செய்தியைக் கேட்கத் துடித்தவளைக் கேட்கவிடாமல் தடுத்துவிட்டு, வால்வு வீக்காம்! இறந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிற்சாலை பிட்டர்கள் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும், என்ன செய்தார்கள் என்று மூடியின் உட்பக்கத்தில் எழுதிவைப்பார்கள். அடுத்து திறக்கிற ஆளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. எழுதாமல் அப்பா எதையும் மூடியதே இல்லை.

பலகையைத் திருப்பினேன். பென்சில் எழுத்து, அப்பாவின் எழுத்து.

"காலை அறிவித்தல் கேட்டது. பிள்ளைகள் மூன்று பேர் என்று சொன்னார்கள். நாலாவது பெயர் இல்லை. ஊசி அந்த இடத்துக்குப் போகாமல் ஆணி வைத்தது. மதிய அறிவித்தலுக்கு முன் வேலை முடிந்தது."

கடைசி வரியை மறுபடி வாசித்தேன். மதிய அறிவித்தலுக்கு முன் வேலை முடிந்தது! தூக்கமில்லாத கண்ணோடு, அம்மா வருவதற்குள் அவசர அவசரமாகத் துளை போட்டிருக்கிறார். பிறகு வாசலில் வந்து நின்று, உன் பெயரும் வந்தது என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்தாலும் அம்மா பெயர் வராது என்றுதான் பிறகும் ஆணியை எடுக்கவில்லை. அத்தனை வருட ஏச்சையும் அந்த ஒரு பொய்க்காக வாங்கியிருக்கிறார். நானும் சேர்ந்தல்லவா ஏசினேன்.

"என்ன பிழையாம்?" அம்மா சமையற்கட்டுக் குசினி வாசலில் நின்றார். "சின்னப் பிழையெண்டால் சொல்லு. சின்னப் பிழையைத் திருத்தாமல் விட்டிருந்தால் உன்ர அப்பரை நான் மன்னிக்கமாட்டன்."

திட்டிக்கொண்டிருந்தபோதே ஆணியைக் கழற்றியிருந்தேன். ஊசி இப்போது தடையில்லாமல் ஓடும். அம்மா கேட்டதும் அதைத்தான். ஆனால் ஊசி ஓடினால், ஒரு பின்னேரத்தில் திருத்தக்கூடியதை அப்பா காலமெல்லாம் திருத்தாமல் விட்டார் என்றாகும். ஏன் விட்டார் என்று சொன்னால், அந்த வரிசையிலிருந்து அம்மாவின் பெயர் போய்விடும்.

"இருங்கம்மா, பாக்கிறேன்" என்று பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஆணியைப் பழைய துளையிலேயே வைத்து இறுக்கினேன். கம்பியையும் இடப்பக்கமாகவே முறுக்கினேன். பென்சிலை எடுத்து அப்பாவின் எழுத்துக்குக் கீழே, "திறந்து பார்த்தது. ஆணி சரியாக இருக்கிறது" என்று எழுதிப் பலகையை மூடினேன்.

"முடியலம்மா. அதுக்கு மேல போகாது. என்னாலயும் திருத்த முடியல."

அம்மா வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குமிழைத் திருகிப் பார்த்தார். ஊசி வழமையான இடத்தில் நின்றது.

"உனக்கே ஏலாதெண்டால் அப்பருக்கு எப்பிடி ஏலும்? பாவம் மனுசன், நான் சும்மா ஏசிப்போட்டன்."

பெட்டியின் மேலிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"எனக்குத்தான் கேக்கக் குடுத்துவைக்கேல்ல. அவராவது என்ர பேரைக் கேட்டாரே."