ஜம்புலிங்கம் போட்ட முடிச்சுகள்

புது டார்ச்சின் வாலில் நைலான் கயிற்றைக் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருக்கிறார் ஜம்புலிங்கம். வாங்கி வந்து இன்னும் ஒருமுறைகூட எரிய விட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் முடிச்சு விழுந்தாயிற்று. குடை, வாளி, மூக்குக்கண்ணாடி, முற்றத்து நாற்காலி என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கயிறு உண்டு. "என்னைய மட்டுந்தான் இன்னும் கட்டிப்போடல" என்று மனைவி மரகதம் சொல்லாத நாளில்லை.

பாராடாங் தீவின் படகுத்துறையில் அவருக்கு வேலை. பஸ்ஸையும் லாரியையும் சுமந்து வரும் பெரிய படகின் வடத்தைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவார், புறப்படும்போது கழற்றுவார். கழற்றியதும் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் மாஸ்டர் படகை நகர்த்துவார். காலைப் பனியில் தண்ணீரும் அலையாத்தி மரங்களும் ஒன்றாய்க் கலந்து கிடக்க, படகு மெல்ல மெல்ல இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"கட்டாம வச்சா பானி லே ஜாயேகா. தண்ணி கொண்டு போயிடும் பாய்" என்பார், யார் கேட்டாலும்.

வீட்டில் மரகதத்தைத் தவிரக் கட்டப்படாத ஒரே ஜீவன் நாய். அதன் பெயர் லங்கர். ஹிந்தியில் நங்கூரம். பெயரே போதும் என்று விட்டுவிட்டார் போலும்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை லங்கர் எதையோ வாயில் கவ்விக்கொண்டு வந்து, பல் படாமல் அவர் காலடியில் வைத்தது. உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மரநாய்க் குட்டி. அதன் தாய் முந்தின நாள்தான் பாக்குத் தோட்டத்தில் கரண்ட் கம்பி பட்டு விழுந்து கிடந்தது. அதை அவரே பார்த்திருந்தார். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வனக்காவலர் ஷோபனா ஸ்கூட்டரில் வந்து பார்த்தாள். "அங்கிள், ஆபீஸ்ல சொல்லிட்டேன். மரம் ஏறுற வரைக்கும் நீங்களே வச்சிருங்க. பால் குடுங்க, பழம் குடுங்க, கொஞ்சாதீங்க. மனுஷங்கள பழகிடுச்சுன்னா ஜங்கிள்ல பொழைக்காது."

"டீக் ஹை, டீக் ஹை" என்று தலையாட்டினார். இங்க் ஃபில்லரில் ஆட்டுப்பால் புகட்டினார். எல்லாம் சொன்னபடிதான் செய்தார். ஆனால் கை சும்மா இருக்குமா? மரகதத்தின் பழைய புடவையிலிருந்து ஒரு நாடா கிழித்துக் குட்டியின் இடுப்பில் சுற்றி, கயிறு சேர்த்துக் கட்டில் காலில் கட்டிவிட்டார்.

சீக்கிரமே இருட்டிவிடும் ஊர் அது. ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டே இருக்க, குட்டி கண்ணை அகல விழித்துக்கொண்டு உத்தரத்தையே பார்க்கும். ஜம்புலிங்கம் குட்டியையே பார்ப்பார். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டால் காதில் விழாது. எத்தனையோ நாளாயும் குட்டி ஏறவில்லை. "மரநாய்க்கு மரமே மறந்துபோச்சா மரகதம்?" என்று கவலைப்பட்டார்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அது துணிக்கொடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் வழியாக ஏறிக் கொடியைத் தாண்டிக் குதித்திருக்கிறது. கயிறு பிடித்து இழுத்துவிட்டது. ஓடிப்போய் ஏந்திக்கொண்டார். மூச்சு இருந்தது. ஆனால் அவர் போட்ட முடிச்சு இறுகிப்போய் அவருக்கே அவிழவில்லை. மரகதம்தான் அரிவாள்மணையைக் கொண்டு வந்து அறுத்தாள்.

"இதென்ன கப்பலா, கட்டிப்போட?" என்றாள்.

மறுநாள் துறையிலிருந்து கழித்துப்போட்ட பழைய வடம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். ஜன்னலுக்கும் கொல்லைப் பலாமரத்துக்கும் நடுவே அதை இழுத்துக் கட்டினார். மரத்துக்கு அப்பால் காடு. பொழுது சாய்ந்தால் குட்டி வடத்தின் மேல் தத்தித் தத்திப் போகும். விடியும் முன் ஜன்னலுக்குத் திரும்பிவிடும். அங்கே பப்பாளித் துண்டு காத்திருக்கும். "தேக்கோ, பாரு, நம்ம பய வந்துட்டான்" என்று லங்கரிடம் பெருமையடித்துக்கொள்வார். பகலில் வடம் மாட்டும்போதுகூடத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வதாகத் துறையில் பேச்சு.

ஷோபனா மறுபடி வந்தாள். வடத்தைப் பார்த்தாள், பப்பாளியைப் பார்த்தாள். "வீட்டுக்கு ரோடு போட்டுக் குடுத்துட்டு, அது காட்டுக்குப் போகணும்னா எப்படிப் போகும் அங்கிள்? நாளைக்கு வேற வீட்டுல போய் நின்னா? எல்லா வீட்டு நாயும் நம்ம லங்கர் இல்ல."

அன்று மத்தியானம் ஜன்னலருகே உட்கார்ந்து அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாலை மழை விட்டிருந்தது. மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி வடத்தில் ஏறிப் பலாமரத்துக்குப் போய், ஒரு கிளையில் நின்று திரும்பிப் பார்த்தது. இருட்டில் கண்கள் மட்டும் மின்னின. ஜம்புலிங்கம் ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். இந்தமுறை அது ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வடத்தின் நுனி கையை விட்டு நழுவி, ஈரப் புல்லைத் தடவிக்கொண்டு போய் மரத்தடியில் விழுந்தது.

அவர் கொல்லையில் இறங்கி நின்று, மரத்தைப் பார்த்து வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.