கன்றுக்குப் போட்ட முடிச்சு

பால்காரன் வீட்டில் காளைக்கன்று பிறந்தால் யாரும் வந்து சந்தோஷம் சொல்வதில்லை. அடுத்தது கடேரியாகப் போடும் என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். கோரமண்டல் தங்கச் சுரங்கப் பக்கம் என் செவலைப் பசு ஈன்ற முதல் கன்று காளை. கடேரி என்றால் வளர்ந்து கறவைக்கு வரும். காளை வளர்ந்து என்ன செய்யும்? சுரங்கத்தைச் சுற்றி உழுவதற்கு நிலம் ஏது, எங்கே பார்த்தாலும் தோண்டிக் கொட்டிய மண்மேடு. ஆனால் வைக்கோல் வாங்க நான் பேத்தமங்களா போனபோது, கன்றின் நிறத்தையும் சுழியையும் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு உழவர், பால் மறந்ததும் ஓட்டி வா, என்னிடம் ஒற்றையாய் நிற்கிற கன்றுக்கு ஜோடி ஆகட்டும் என்றார். பதிலுக்கு ஒரு கடேரிக் கன்று தருவதாகவும் சொன்னார். இங்கே சீந்துவாரில்லாத உயிருக்கு அங்கே ஒருவர் காத்திருந்தார்.

நான் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கென்று வந்தவன். சில மாதம் கீழே இறங்கினேன். கூண்டில் இறங்கும்போதெல்லாம் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று வேலையை விட்டு ஒரு பசுவை வாங்கிக் கட்டினேன்.

செம்பில் கொண்டுபோகும் பாலை அப்போது யாரும் நம்பமாட்டார்கள். பசுவையே வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய், அவர்கள் கண்ணெதிரே கறந்து ஊற்ற வேண்டும். கன்று இல்லாமல் பசு பால் விடாது. அதனால் கன்றும் கூடவே வரவேண்டும். முதலில் அதை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்டுவோம். அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு. கன்று விலகி இழுத்தால் கழுத்தில் இறுகும், தாயை ஒட்டி நின்றால் தளரும். இரண்டு நாளில் கன்று புரிந்துகொண்டு அசையாமல் நிற்கும், பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். என் அப்பன் போட்ட முடிச்சு அது. கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன்.

முன்பெல்லாம் நானும் என் மனைவியும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போவோம். நான் பசுவைப் பிடிப்பேன், அவள் கன்றைப் பார்த்துக்கொள்வாள். எங்கள் குழந்தை மழைக்காலத்துக் காய்ச்சலில் போனபிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். சுரங்கக் குடியிருப்பில் வாசலுக்கு வாசல் யாராவது இடுப்பில் ஒரு பிள்ளையோடு நிற்பார்கள். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

பழைய பசு வற்றியதும் வாங்கிய இளம் பசு செவலை. அது ஈன்றது குழந்தை போனபிறகுதான். வாடைக்காற்று வீசிய நாட்கள். குழந்தைக்குத் தூளி கட்டிய பழைய புடவை ஒன்று இருந்தது. அதை அவள் துவைக்காமல் வைத்திருந்தாள். ஒரு காலையில் பார்க்கிறேன், அந்தப் புடவை கன்றின் மேல் கிடக்கிறது. குளிரில் நடுங்கியது என்றாள். அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் கன்றுக்கு ஒரு காம்பு விட்டால் போதும் என்று நான் சொல்லியிருக்க, அவள் எனக்குத் தெரியாமல் இரண்டு காம்பை விட்டுக்கொண்டிருந்தாள். பால் குறைந்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. காளைக்கன்றுக்கு இவ்வளவு சீராட்டா என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் சாலைக்குச் சட்டம் வந்தது. ஒரு துரையின் குதிரை எருமையைப் பார்த்து மிரண்டு, வண்டியோடு அவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. விழுந்தவர் துரை, கட்டுப்பட்டது எங்கள் மாடுகள். மாடு இடது ஓரமாகத்தான் போக வேண்டும், கன்று உட்பட எதுவும் கயிறில்லாமல் வரக்கூடாது, வந்தால் பிடித்துப் பட்டியில் அடைக்கப்படும் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். அதுவரை எங்கள் கன்று அவிழ்த்துவிட்டபடியே தாயின் பின்னால் துள்ளிக்கொண்டு வரும். எனக்கோ ஒரு கையில் பசுவின் கயிறு, மறு கையில் செம்பும் அளவுப்படியும். மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். கன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வா, வாசலுக்கு வரவேண்டாம், தெருமுனையிலேயே நில் என்றேன்.

"அந்தப் பக்கம் நான் வரலய்யா," என்றாள்.

எனக்குக் கோபம். கன்றை இழுத்துத் தாயின் கழுத்தோடு சேர்த்து ஒரு முழக் கயிற்றில் கட்டினேன். கை தன் பழக்கத்துக்கு அந்த முடிச்சையே போட்டது. நிற்கிற பசுவுக்குப் போடுகிற முடிச்சு அது, நடக்கிற பசுவுக்கானது அல்ல. அது எனக்குத் தெரியாததா? கோபத்தில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டப்படி இடது ஓரமாகவே போனோம். எதிரே சுரங்கத்துக்கு மரம் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. அந்த நேரம் பார்த்து ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. தினமும் ஊதுகிற சங்குதான். ஆனால் ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் தலைக்கு மேல் அந்தச் சத்தம். செவலை மிரண்டு ஓடியது. கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போனது. கன்று கூடவே நாலடி ஓடி, கால் தடுக்கி விழுந்தது. பசு அதை இழுத்துக்கொண்டே ஓடியது. கன்று விழுந்து பின்னுக்கு இழுக்க இழுக்க, முடிச்சு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் மறித்துப் பசுவை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தார். கன்றின் நாக்கு வெளியே வந்திருந்தது. சாலைக் காவல்காரர் வந்து குனிந்து பார்த்தார். முதலில் பார்த்தது கயிற்றைத்தான்.

"கயிறு கட்டித்தான் கீது. உம்மேல தப்பு ஒண்ணும் இல்ல, போ," என்றார்.

இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் கேட்கிறது.

கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் அழவில்லை. கன்றின் கழுத்தில் மிச்சமிருந்த கயிற்றைத் தொட்டு, முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. புடவையை எடுத்துக் கன்றைத் துடைத்தாள், வாய், காது, கால் எல்லாம். பிறகு நாங்கள் இருவருமாகக் குழி தோண்டினோம்.

செவலை அன்றைக்கும் அடுத்த மூன்று நாளும் பால் விடவில்லை. மடி கல்லாகிவிட்டது. கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்துப் பசுவுக்குக் காட்டியிருக்கலாமே, எல்லோரும் செய்வதுதானே என்று மற்ற பால்காரர்கள் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காம் நாள் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். தனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது, பிள்ளைக்குச் செவலையின் பால்தான், இப்போது கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்துகிறது என்றாள். அவள் போனபிறகும் என் மனைவி வெகுநேரம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளே பசுவை அவிழ்த்தாள். தோளில் அந்தத் தூளிப் புடவை. குடியிருப்பில் அந்தப் பெண்ணின் வாசலில் போய்ப் பசுவின் முகத்துக்கு எதிரே நின்றாள். செவலை மோந்து பார்த்தது. பிறகு புடவையை நக்க ஆரம்பித்தது, அவள் தோளையும் கழுத்தையும் சேர்த்து. "உக்காருய்யா, பால் எறங்குது," என்றாள். நான் கறந்தேன். வாசற்படியில் அந்தப் பெண் பிள்ளையோடு நின்றாள். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

செவலை கறவை வற்றும்வரை அவள் ஒரு நாள் தவறாமல் வந்தாள். பசுவின் நாக்கு சொரசொரப்பானது. புடவை நூல் நூலாகப் பிரிந்தது. கிழிந்த இடத்தை மடித்துவிட்டு நல்ல பக்கத்தைக் காட்டுவாள். கடைசியில் அவளிடம் ஒரு சாண் துணிதான் மிச்சம்.

பால் நின்ற நாளில் அவள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்ப்பதைக் கண்டேன். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. அன்றைக்குக் கன்றின் கழுத்தில் இருந்தது கறக்கும்போது போடுகிற முடிச்சு, நான்தான் போட்டேன் என்றேன்.

"அன்னிக்கே பாத்தேன்," என்றாள். "நான் வந்து புடிச்சிருந்தா நீ ஏன் கட்டப்போறே?"

பிறகு துணியை என்னிடம் நீட்டினாள்.

"நீ பாரு. புள்ள வாசனை வருதா? எனக்கு மாட்டு எச்சிதான் வருது."

நான் வாங்கி மோந்து பார்த்தேன். வருகிறது என்றேன்.