வைதேஹி டீச்சரும் நாற்பது கைகளும்

வைதேஹிக்குப் பெருமாள் எல்லாம் கொடுத்தார். சிரிப்பை அடக்கும் சக்தியை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். 1938-ல் ஸ்ரீரங்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே சாப்பாட்டுக் கொட்டகையை அவள் தலையில் கட்டினார்கள். அங்கே நாற்பது பையன்கள். தயிர்சாதத்தில் பாதி வாய்க்குள் போகும், மீதி அடுத்தவன் முதுகில் விழும். இரைச்சலோ தெருக்கோடி வரை.

தலைமையாசிரியர் சாரங்கபாணி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு நானே வந்து பார்ப்பேன். பசங்க அடங்கலைன்னா, நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்."

வேறு வேலை ஏது? லால்குடியில் அண்ணா வீட்டு அடுக்களைதான். அங்கே மன்னி வைத்ததுதான் சட்டம்.

பையன்களில் பெரிய வால் சௌரிராஜன். மாசியில்தான் அவனுக்குப் பூணூல் போட்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அவன் இலையைப் பிரிக்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏண்டா சௌரி, உங்கப்பா சாப்பிடறச்சே பேசுவாரோ?"

"மாட்டார் டீச்சர். இலையைச் சுத்தி ஜலம் விட்டுட்டார்னா, கை அலம்பற வரைக்கும் மௌனம். ரசம் வேணும்னாக்கூட 'ம்ம்'னு கையைத்தான் காட்டுவார்."

"உனக்கும்தானே பூணூல் போட்டிருக்கு? உன்னால முடியாதாக்கும்!"

சௌரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜலம் விட்டான், வாயை மூடினான். தலைவனே மூடியதும் பூணூல் போட்டவன், போடாதவன் எல்லாருமே மூடிக்கொண்டார்கள்.

ஆனால், வாய் திறக்காமலே முழுச் சாப்பாட்டையும் கேட்டு வாங்கும் அப்பாக்களின் பிள்ளைகள் அல்லவா? சௌரி இடது கையால் இல்லாத மூக்குப்பொடியைச் சிட்டிகை எடுத்து உறிஞ்சினான். அண்ணாந்து, கண்ணை மூடி, வராத தும்மலுக்காக வாயைப் பிளந்து காத்திருந்தான். அசல் சாரங்கபாணி சாரேதான்! நாற்பது மூக்குகளும் அண்ணாந்தன.

வைதேஹி உதட்டைக் கடித்தாள். தலைப்பை வாயில் திணித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கொட்டகை அதிரச் சிரித்துவிட்டாள்.

"யார் சிரிச்சது?" வாசலில் சாரங்கபாணி.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் சௌரி கையைத் தூக்கினான். பக்கத்திலிருந்தவனும் தூக்கினான். பிறகு நாற்பதும். வலது கை எச்சில் என்பதால் அத்தனையும் இடது கை.

சாரங்கபாணி திகைத்து நின்றார். "செஞ்ச தப்பைத் தானா ஒத்துக்கற பசங்களை நான் இங்கே பார்த்ததே இல்லையேம்மா! நீங்களே இவங்களைப் பார்த்துக்கோங்க."

சொல்லிவிட்டு டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை உறிஞ்சினார். அண்ணாந்து, கண்ணை மூடி, காத்திருந்தார். ஒரு பையனும் சிரிக்கவில்லை. வைதேஹியும் சிரிக்கவில்லை; அந்த இடது கைகளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். தும்மல் அன்றைக்கும் வரவில்லை.