தபீதாள் எழுதிய தலையங்கம்

ஜெயப்ரியா பி.காம். முடித்தவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வங்கித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஆங்கிலத்தில் கோட்டை விட்டாள். அடுத்த தேர்வு வரை சும்மா இருக்க முடியாது என்று ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலை பெருங்களத்தூரில் கம்பெனி பஸ் ஏறினால், ஜன்னலோரம் தபீதாள் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

பீர்க்கன்கரணையில் இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்ச். அப்பா இறந்ததும் தபீதாள் இந்தக் கம்பெனியில் பெல்ட் ஓடும் லைனில் நிற்கப் போய்விட்டாள். ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கியவள்.

“என்னடி, இங்கிலீஷ் பேப்பர்லாம்?” என்றாள் ஜெயப்ரியா.

“பேப்பர்லாம் இல்ல. இந்த ஒரு பக்கம்தான், தலையங்கம். பழைய பேப்பர் கடையில பொறுக்கி எடுத்துகினு வந்தேன்.”

தேதி மூன்று மாதம் முந்தையது. மழைக்கு முன்பே ஏரிக்கரைகளைப் பலப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த மழை வந்து, இவர்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, வடிந்தும் போயிருந்தது.

“இதெல்லாம் முடிஞ்சுபோன கதையாச்சே.”

“அதான் வசதி. எழுதனவன் கரீட்டா சொன்னானா, பீலா வுட்டானான்னு தெரிஞ்சிகினே படிக்கலாம். இவன் கரீட்டாதான் சொல்லிகீறான். கேக்கத்தான் ஆளில்ல.”

ஜெயப்ரியாவின் பையில் நான்கு நோட்டுகள் இருந்தன. அவளும் இரண்டு வருடமாகத் தலையங்கம் படிக்கிறாள். கடினமான சொல்லுக்கு அடிக்கோடு, எதிரே தமிழ் அர்த்தம், வரிசை எண். எண் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அவற்றில் ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

தபீதாளிடம் நோட்டே கிடையாது. இன்றைக்கு யாரைத் திட்டுகிறார்கள் என்று முதலில் தேடுவாள். கண்டுபிடித்த பிறகு, எவ்வளவு திட்டுகிறார்கள் என்று பார்ப்பாள். தெரியாத சொல்லைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குள் எறிவாள்.

“ரிக்ரெட். இன்னாடி அர்த்தம், பட்டதாரி?”

“வருத்தம்.”

“அது போன்லயே கீது. எவ்ளோ வருத்தம்?”

ஜெயப்ரியா பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். முன் சீட்டு ஞானம்மாள், லைனில் எல்லாருக்கும் மூத்தவள், திரும்பாமலே சொன்னாள்: “கல்யாணத்துக்கு வர முடிலன்னு போன் பண்றோம் பாரு, அவ்ளோ.”

“அப்ப டெப்ளோர்? தப்புன்னு நாலு பேர் நடுவுல வெச்சு சொல்றான். ஆனா சட்டையப் புடிக்கல.”

“அது எங்க மாமியா. காறிகினே வருவாங்க, துப்ப மாட்டாங்க.”

மண்ணிவாக்கம் வரை சிரிப்பு அடங்கவில்லை. ஜெயப்ரியாவும் சிரித்தாள். அந்தச் சொல் அவள் நோட்டில் எழுநூற்றுச் சொச்சத்தில் எங்கோ இருந்தது. அதைப் பத்து தடவையாவது மனப்பாடம் செய்திருப்பாள். முதல் தடவையாக அதற்கு ஒரு முகம் தெரிந்தது. நான் இத்தனை நாள் படித்தது என்ன என்று அன்று முழுக்க ஸ்டோர்ஸில் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள், தபீதாளுக்குப் பக்கத்தில் நின்ற பொன்னி மயங்கி விழுந்தாள். மாற்று ஆள் வராமல் பெல்ட்டை விட்டு நகரக்கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் கண்ணில் படவில்லை. தபீதாள் பொன்னியைத் தோளில் சாய்த்து முதலுதவி அறைக்கு நடத்திப் போனாள். பதினோரு நிமிடம் லைன் நின்றது.

மறுநாள் மெமோ வந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று இரண்டு நாளில் ஆங்கிலத்தில் பதில் தர வேண்டும். தபீதாள் ஒப்பந்தத் தொழிலாளி. பதில் திருப்தியாக இல்லையென்றால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும். அம்மாவும் தம்பி எபியும் அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

“நான் எழுதித் தரேன்டி,” என்றாள் ஜெயப்ரியா. அன்று சாயங்காலமே எழுதினாள். நடந்தது என் தவறு, பணிவோடு மன்னிப்புக் கோருகிறேன், இனி ஒருபோதும் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்.

தபீதாள் அதைப் பொறுமையாகப் படித்தாள்.

“நல்லாத்தான் கீது. ஆனா இனிமே இப்டி செய்ய மாட்டேன்னு எழுதிகீற. நாளைக்கு பொன்னி மறுபடி வுழுந்தா?”

“வேலை முக்கியம்டி.”

“முக்கியம்தான். செய்வேன்னு தெரிஞ்சிகினே செய்ய மாட்டேன்னு எப்டி எழுதறது?”

அவளே எழுதினாள். நான்கு பாரா. முதல் பாராவில் கம்பெனியின் நியாயம்: பெல்ட் ஏன் நிற்கக்கூடாது என்று. முதலாளியே வந்து சொன்னாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவதில் நடந்தது, மணிக்கணக்கோடு. மூன்றாவதில் அந்த விதி எந்த இடத்தில் உடைகிறது என்பது. நான்காவதில் இரண்டு லைனுக்கு ஒரு மாற்று ஆள் போடுவது நிர்வாகத்துக்கு நல்லது என்ற யோசனை. ‘நான்’ என்று எங்குமே இல்லை. தலையங்கத்தில் வருவதுபோல எல்லாம் ‘நாங்கள்’. நின்றுபோன பதினோரு நிமிடத்துக்கு மட்டும் ஒரே ஒரு ரிக்ரெட்.

“மன்னிப்பு எங்கடி?” என்றாள் ஞானம்மாள், பஸ்ஸில் தபீதாள் அதைத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு.

“தலையங்கத்துல எவன்க்கா மன்னிப்பு கேக்கறான்?”

“நீ இன்னா பேப்பரா நடத்துற? பெல்ட்ல நிக்கிறவ.”

ஜெயப்ரியா திருத்துவதற்குப் பேனாவை எடுத்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். மூன்றாவது பாராவுக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. எல்லாம் பள்ளிக்கூடத்துச் சொற்கள். அவள் நோட்டில் சேர்க்கும் தகுதிகூட இல்லாதவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்ற விதத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பத்திரண்டு மார்க் வாங்கியவள், மூன்று மாதப் பழைய காகிதத்திலிருந்து, சொல்லை மட்டுமா எடுத்திருக்கிறாள்? ஒருவர் முன்னால் குனியாமல் நிற்பது எப்படி என்பதையும் அல்லவா எடுத்திருக்கிறாள். ஜெயப்ரியா பேனாவை மூடினாள், மறுபடி திறக்கவில்லை.

பதிலைக் கொடுத்த மறுநாள் மதியம் மனிதவள அதிகாரி பட்டாபிராமன் தபீதாளோடு ஜெயப்ரியாவையும் கூப்பிட்டார்.

“ஸ்டோர்ஸ்ல நீதானே டிகிரி? இது உன் வேலைதானே?”

“இல்ல சார். அவதான் எழுதினா. நான் ரெண்டு வார்த்தை திருத்தினேன், அவ்வளவுதான்.”

அவர் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “சரிம்மா. அந்தக் கடைசி பாராவ மட்டும் எடுத்துட்டு வேற காப்பி குடு. மெமோவ நான் இன்னிக்கே க்ளோஸ் பண்ணிடறேன்.”

ஜெயப்ரியா மேஜைக்கு அடியில் தபீதாளின் காலை மிதித்தாள். தபீதாள் காலை நகர்த்திக்கொண்டாள்.

“அந்த பாராவுக்கோசரம்தான் சார் மேல மூணு பாரா எழுதனேன்.”

அவர் தாளின் மேல்பகுதிக்குத் திரும்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“நாங்க, நாங்கன்னு போட்டிருக்கே. மெமோ உனக்குத்தான் குடுத்தோம். யாரு இந்த நாங்க?”

தபீதாள் தாளையே பார்த்தாள். முதல் தடவையாக அவள் தடுமாறுவதை ஜெயப்ரியா பார்த்தாள். தலையங்கம் எழுதுகிறவனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை போலும்.

“நானும் சார்,” என்றாள் ஜெயப்ரியா. சொன்ன பிறகுதான் சொன்னது தன் குரல் என்று தெரிந்தது.

“அப்ப கையெழுத்துப் போடு.”

போட்டாள். கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று போட்டதைவிடக் கோணலாக இருந்தது.

ஒரு வாரம் இருவரும் மனிதவள அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை தபீதாளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், ஒப்பந்தத்தை நீட்டித்த கடிதமும் சேர்ந்தே வந்தன. மதியம் அறிவிப்புப் பலகையில் கம்பெனித் தாள் ஒன்று ஒட்டினார்கள். இரண்டு லைனுக்கு ஒரு மாற்று ஆள். காரணம் சொல்லியிருந்த வரி, தபீதாளின் மூன்றாவது பாராவிலிருந்து அப்படியே எடுத்தது. கீழே நிர்வாகத்தின் முத்திரை.

“உன் வரிடி,” என்றாள் ஜெயப்ரியா.

“பேர் போடல, பார்த்தியா?” தபீதாளின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. “தலையங்கத்துக்குப் போட மாட்டாங்க.”

மணி அடித்தது. தபீதாள் கையுறையை மாட்டிக்கொண்டு லைனுக்கு ஓடினாள். ஸ்டோர்ஸில் தன்னைத் தேடுவார்கள் என்று தெரிந்தும் ஜெயப்ரியா அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.