என் லேப்டாப்ல ஓடுது

கணினி முன்னால் உட்காருவதற்கு முன்பே ராஜசேகரன் விசாரணையைத் தொடங்கிவிடுவார். "யாரு தொட்டது?" பையைக் கீழே வைக்க மாட்டார், நாற்காலியை இழுக்க மாட்டார். விசைப்பலகையை முகர்ந்து பார்ப்பவரைப் போலக் குனிவார். "யாரோ தொட்டிருக்காங்க" என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார்.

மலேசியாவில் செடெனாக் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைக் கூடத்தில் அதைத் தொடக்கூடியவள் ஷர்மினி ஒருத்திதான். பழ லோரி எடை மேடையில் ஏறியதும் எண்ணைத் தட்டிச் சீட்டு எடுத்துத் தருவது அவள் வேலை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். யாராவது குரலை உயர்த்தினால் சொல்ல வந்ததை மறந்துவிடுவாள். கண்ணால் பார்த்ததை மட்டும் மறக்க மாட்டாள்.

சீட்டு எடுக்கும் ஜாவா நிரலை எழுதியவர் ராஜசேகரன். ஜொகூர் பாருவிலிருந்து முழுக்கைச் சட்டையோடு வருவார். நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகிவிட்டால், பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பாவின் நிம்மதி அவருக்கு. அதன் பிறகு எது நடந்தாலும் புகுந்த வீட்டின் குற்றம்.

முந்தின நாள் மாலை புதிய நிரலைப் போட்டுவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல் போயிருந்தார். காலையில் ஷர்மினி திறந்தால் சிவப்பு எழுத்து. தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பொருத்தமான 'டிரைவர்' என்ற துணை ஃபைல் இல்லையாம்.

"என் லேப்டாப்ல ஓடுது லா. இங்க பாரு" என்று, ஷர்மினி கூப்பிட்டு வந்த ராஜசேகரன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

மடிக்கணினியில் ஓடத்தான் செய்தது. ஆலைக் கணினியில் ஓடவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினார். கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டார். ஜாவாவை அழித்துத் திரும்ப ஏற்றினார். ஏர்கோன் குளிர் போதவில்லை என்றார். சிவப்பு எழுத்து அசையவில்லை.

வெளியே ஒன்பது லோரிகள். முதல் லோரியை ஓட்டி வந்த அய்யாவு சன்னலில் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இப்படியே போனா பழம் லோரியிலயே எண்ணெயாயிடும். நான் போயி டிரம் கொண்டாரவா?"

"கொஞ்சம் இருங்கண்ணே."

ராஜசேகரன் சேவைப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் இதுவரை இரண்டு முறை 'பயனர் தவறு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவதும் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் ஷர்மினியிடம் சொல்லியிருந்தார்.

"சார்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். "சார், முன்னெல்லாம் ரெண்டு ஃபைல் போடுவீங்க. ஒன்னு நீங்க எழுதுனது, இன்னொன்னு பக்கத்துல சின்ன ஃபோல்டர்ல இருக்கும். நேத்து பழசெல்லாம் அழிச்சிட்டு ஒன்னுதான் போட்டீங்க."

"கம்பைல் ஆயிடுச்சும்மா. ஒரு எரர் வரல. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிங்க சார்."

ஆனால் மவுஸ் மேல் இருந்த அவர் கை நின்றுவிட்டது. மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்தார். "வெளிய உன்னக் கூப்புடுறாங்க, போய் என்னான்னு கேளு" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. ஷர்மினி எழுந்து போனாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மடிக்கணினியிலிருந்து ஒரு ஃபைலை ஆலைக் கணினிக்கு மாற்றினார். சிவப்பு எழுத்து மறைந்தது.

அவள் உள்ளே வந்ததும், "ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிடுச்சு" என்றார்.

அய்யாவுவின் லோரி மேடை ஏறி இறங்கியது. சீட்டு வந்தது. ராஜசேகரன் பேனாவைத் திறந்து 'காரணம்' கட்டத்துக்கு நேராகப் பிடித்தார். வழக்கமாகத் தரையைப் பார்க்கும் ஷர்மினி இந்தத் தடவை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன ஃபோல்டர் திறந்தே கிடந்தது. உள்ளே இருந்த ஃபைலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு மலாய் மொழியில் 'மழை, இடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செடெனாக்கில் மழை பெய்து ஒன்பது நாளாகியிருந்தது. முற்றத்தில் லோரிகள் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. ராஜசேகரன் வாசலில் நின்று வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். படிவக் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டுகிறவரைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் காருக்கு ஓடினார்.