உருண்டை முனைச் சார்ஜர்

கால் உடைந்து இசக்கிராஜா கட்டிலோடு கிடக்கத் தொடங்கியதிலிருந்து, வெளியே போகும்போதெல்லாம் ராஜகுமாரி கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போவாள். திறந்து கிடந்தால் தெருவில் அலையும் ஆடுகள் உள்ளே புகுந்து சேலைக் கட்டுகளை இழுத்துப் போட்டுவிடும். எழுந்து விரட்ட அவனால் ஆகாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் நெருக்கமாக ஓடும் தெருவொன்றில் அவர்கள் வீடு. இரண்டே அறைகள். முன்னறை முழுக்கச் சேலைகள். தறியிலிருந்து வரும் சேலைகளைப் பிசிறு வெட்டி, மடித்து, கட்டுக் கட்டிக் கொடுப்பதுதான் ராஜகுமாரியின் தொழில். கட்டுகள் சுவரோரம் கூரையைத் தொடுமளவுக்கு ஏறி நிற்கும். அவற்றுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் கட்டிலைப் போட்டு இசக்கிராஜாவைப் படுக்க வைத்திருந்தாள். பின்னறையில் காற்றே வராது என்பதால் வேறு வழியில்லை. ஒரே மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிராஜா லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ராஜபாளையம் ரோட்டில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய் வண்டி கவிழ்ந்தது. தொடை எலும்பில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். ஊன்றக் கூடாது, நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு நாள் முழுசாக உட்கார்ந்திராத மனிதன். முதல் சில வாரங்கள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். சோறு வைத்தால் தின்பான், மாத்திரை கொடுத்தால் விழுங்குவான். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. ஒருநாள் அவள் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போது, "நீ ஒத்தையில மாடு மாதிரி உழைக்க, நான் பொணம் மாதிரி கெடக்கேன்" என்றான். 

அப்புறம் அவனாகவே ஒரு வேலையைக் கண்டுபிடித்தான். முன்னறை ஸ்விட்ச் போர்டு அவன் தலைமாட்டில் இருந்தது. ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்கி வரச் சொல்லிக் கட்டில் ஓரத்தில் கட்டிக்கொண்டான். இரண்டு போன், எமர்ஜென்சி லைட், டார்ச், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போடுவது அவன் பொறுப்பு ஆனது. தெருவில் கரண்ட் போனால் சட்டென்று லைட்டைப் போட்டு, "பாத்தியா, ஃபுல் சார்ஜு" என்பான். அந்த நேரம் அவன் முகத்தில் பழைய இசக்கிராஜா தெரிவான். பக்கத்து வீட்டுக் கோகிலாகூடத் தறியிலிருந்து வந்ததும் தன் போனைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதையும் செத்தப் போட்டு வைங்க" என்று கொடுக்க ஆரம்பித்தாள்.

அதனால் சில விஷயங்களைப் பார்த்தும் ராஜகுமாரி பார்க்காதது மாதிரி இருந்தாள். ஒரு கேபிளின் கழுத்துப் பிய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அவன் அதில் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தான். போன் தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும், தொட்டால் சுடும். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள். "ஒண்ணுஞ் செய்யாதுட்டி. எல்லாம் ஒரே கரண்டுதான். முனை உள்ள நொழைஞ்சாச் சரி" என்றான். மேற்கொண்டு பேசினால் இருக்கிற அந்த ஒரு வேலையையும் பிடுங்கின மாதிரி ஆகிவிடுமே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மதியம் வெயில் அனலாய்க் கொட்டியது. சின்ன ஃபேனுக்கு உரிய கேபிள் இரண்டு நாளாகக் காணோம். ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை சின்னதாய் உருண்டையாக இருக்கும். சேலைக் கட்டோடு கட்டாகப் போய்விட்டதோ என்னவோ. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நூல்கண்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படியே அந்தக் கேபிளும் வாங்கி வரலாம் என்று கிளம்பினாள்.

"நான் வாரதுக்குள்ள கண்ணசருங்க."

வலி மாத்திரை போட்டிருந்ததால் அவனுக்குக் கண் சொருகியது. "ஃபேனுக்கு ஒண்ணும் வாங்காண்டாம். சார்ஜ் ஏறிட்டுத்தான் இருக்கு" என்று முனகினான். அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நடந்தாள். இரண்டு பக்கமும் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஷாஹின் பானுவின் செல்போன் கடை. புருஷனும் அவளும் சேர்ந்து நடத்துகிறார்கள். அன்று அவள் மட்டும் இருந்தாள்.

"ஃபேனுக்கா அக்கா? எந்த அளவு உருண்டை?" என்று இரண்டு மூன்று கேபிள்களை எடுத்துப் போட்டாள். "இத்தனை நாளா எதுல சார்ஜ் போட்டீங்க?"

"கேபிள் தொலைஞ்சு ரெண்டு நாளாச்சு. போடவே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, கிளம்பும்போது இசக்கிராஜா முனகியது அப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி இருந்தது. சார்ஜ் ஏறிட்டுத்தான் இருக்கு.

கேபிளே இல்லாமல் எப்படி ஏறும்?

"இந்த உருண்டை முனைக்கு வேற சார்ஜர் எதுவும் பொருந்துமா?" என்று கேட்டாள்.

"பொருந்தும். அதுதான் ஆபத்து" என்றாள் ஷாஹின் பானு. "போனு கேபிள்னா பயமில்லக்கா. நல்ல சார்ஜரா இருந்தா, போனு எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் குடுக்கும். இந்த உருண்டை முனை அப்படி இல்ல. கேக்காது, பாக்காது, உள்ளதை அப்படியே தள்ளிரும். உங்க ஃபேனு அஞ்சு வோல்ட்டு. வயலுக்கு மருந்தடிக்கிற மிஷினு சார்ஜரு மாதிரி எதையாவது சொருகினா பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல போகும். உள்ள இருக்கிற பேட்டரி உப்பி வெடிச்சிரும்."

 ராஜகுமாரியின் தம்பி வெங்கடேஷ் மேலநீலிதநல்லூரில் உளுந்து போட்டிருக்கிறான். பழுது பார்க்கக் கொடுத்த மருந்தடிக்கும் மிஷின் திரும்பக் கிடைக்கும்வரை, அதன் சார்ஜரைக் கட்டைப்பையோடு கட்டிலுக்கு அடியில்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

போனை எடுத்து இசக்கிராஜாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை. கோகிலாவுக்குப் போட்டாள். அவளும் எடுக்கவில்லை. தறி ஓடும்போது போன் அடித்தால் பக்கத்தில் வைத்திருப்பவளுக்கே கேட்காது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதன் கத்தினாலும் அந்தத் தெருவில் யாருக்குக் கேட்கும்? கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே நடக்க முடியாதவன். சுற்றிலும் பஞ்சு நூல்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"அவுக தனியாக் கெடக்காக. அந்தச் சார்ஜர் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு!"

ஷாஹின் பானு கல்லாப்பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். "முதல்ல ஸ்விட்ச்சை அணைங்க. ஃபேனைக் கையால தொடாதீங்க. கட்டை எதையாவது வச்சுத் தள்ளி வெளிய கொண்டு போங்க. முடியலன்னா ஆளை மட்டும் இழுத்துட்டு வெளிய வந்துருங்க" என்று, ராஜகுமாரி ஏறிய ஆட்டோ நகரும்போதும் கூடவே நடந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

ரோட்டில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் பூ மூட்டை ஏற்றிய வண்டிகள். ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ராஜகுமாரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடித்து ஓய ஓய மறுபடியும் அழைத்தாள். பொறுக்க முடியாமல் இறங்கி ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. தார் ரோடு பாதத்தைச் சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

தெருமுனையில் திரும்பியதும் கூரையைத்தான் பார்த்தாள். புகை இல்லை. தறிச் சத்தம் மட்டும். அது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை. தாழ்ப்பாளை அவசரமாக இழுத்ததில் அது இரண்டு முறை வழுக்கியது.

கதவு திறந்ததும் ஒரு நெடி முகத்தில் அடித்தது. நகச்சாயத்தையும் எரிந்த பிளாஸ்டிக்கையும் கலந்தது மாதிரி. இசக்கிராஜா வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். வயர் நீளம் போதாமல் ஃபேனைப் பக்கத்துச் சேலைக் கட்டின்மேல் வைத்திருந்தான். அதன் அடிப்பாகம் பலூன் மாதிரி உப்பிப் பிளந்திருந்தது. பிளவிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம். அடியில் இருந்த சேலையில் கருப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

கட்டிலைத் தாண்டி எக்கி போர்டு ஸ்விட்சை அணைத்தாள். சார்ஜரைப் பிளக்கோடு பிடுங்கி எறிந்தாள். ஃபேனைத் தொடப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சேலை மடிக்கும் நீளப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதை ஃபேனுக்கு அடியில் நுழைத்து, கருகிய சேலையோடு சேர்த்துத் தூக்கினாள். பலகை முனையில் அது ஆடியது. விழுந்தால் கட்டுகளுக்கு நடுவில்தான் விழும். மூச்சை அடக்கிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தாள்.

"ஏட்டி, என்னது?" இசக்கிராஜா விழித்துவிட்டான்.

"அசையாதீங்க!"

எதிர்வீட்டுக்காரர் சுவர் எழுப்ப இறக்கியிருந்த மணல் குவியல் தெருவில் கிடந்தது. அதன்மேல் பலகையைச் சரித்தாள். ஃபேன் உருண்டு மணலில் விழுந்த மாத்திரத்தில் படாரென்று வெடித்து, ஆளுயரத்துக்கு நெருப்பு சீறியது. ஏதோ ஒரு துண்டு பறந்து வந்து அவள் முன்கையில் பட்டது. மணலை அள்ளி அள்ளிப் போட்டாள். அப்போதுதான் எதிர்த் தறிக்கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்து ஓடி வந்தார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவே திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் வீட்டுக்குள்ளிருந்து இசக்கிராஜா அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்டது.

அவன் கட்டிலிலிருந்து தரையில் இறங்கி, உடைந்த காலை இழுத்துக்கொண்டு வாசல் வரை தவழ்ந்து வந்திருந்தான். அவளைக் கண்டதும் அப்படியே தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டான்.

காலில் வைத்த பிளேட் அசையவில்லை என்று டாக்டர் சொன்னார். ராஜகுமாரியின் முன்கையில் தீக்காயம் ஆறக் கொஞ்ச நாள் பிடித்தது. பாதிக் கட்டுச் சேலை வீணானது. தறிக்காரர் முகத்தைச் சுளித்தார், ஆனால் வேலையை நிறுத்தவில்லை. கட்டுகளையெல்லாம் கோகிலாவும் அவளுமாகப் பின்னறைக்கு மாற்றினார்கள். வெங்கடேஷ் வந்து அக்கா கையைப் பார்த்துவிட்டுச் சார்ஜரை எடுத்துக்கொண்டு போனான்.

ஆறாமல் கிடந்தது இசக்கிராஜாதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அவிழ்த்து, கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தான். கோகிலா போனை நீட்டினால், "வேண்டாம் தாயி, வேற எங்கயாவது போட்டுக்கோ" என்றான். மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ராஜகுமாரி திட்டியிருந்தால்கூட அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஒரு சாயங்காலம் மட்டும் கேட்டாள், "அந்தச் சார்ஜர்ல எத்தனை வோல்ட்டுன்னு எழுதியிருந்ததா?"

"எழுதியிருக்கும். பாக்கல."

"நானும் பாக்கலதான? கேபிள்ல செம்பு தெரிஞ்சதை நான் பாத்தேன். ஒருக்காக் கேட்டதோட வாயை மூடிக்கிட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

பின்னறை அலமாரியிலிருந்து வீட்டில் உள்ள சார்ஜர், கேபிள் எல்லாவற்றையும் ஒரு பேசினில் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டினாள். "ஷாஹின் பானு சொன்னதைச் சொல்லுதேன். சார்ஜர் மேல எழுதினது சாமான் மேல எழுதினதுக்குச் சரியா வரணும். தோல் பிஞ்ச கேபிள் ஒண்ணுகூட வீட்டுல இருக்கக் கூடாது. துணி மேல, தலையணை மேல வைக்கப்பிடாது. எனக்குச் சேலை வேலையே சரியா இருக்கு. பாத்துச் செய்ய எனக்கு நேரமில்ல. நீங்க பாருங்க."

"எரிச்சவன்கிட்டயே குடுக்கியா?"

"வேற யார் இருக்கா?"

வெகுநேரம் அவன் கையை நீட்டவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது, இசக்கிராஜா ஒரு சார்ஜரைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கி, அதில் பொடியாய் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். பிளாஸ்திரி சுற்றிய கேபிள் இரண்டு துண்டாக வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது.